நிர்வாகத் தரவைச் சேவையகத்துக்கு அனுப்பும் ஆணை: கடலோரச் சங்கங்களில் நிரல் எழுதுவோருக்கான கேள்வி பதில்

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை நீளும் இராமநாதபுரம் கடற்கரையில், மீனவர் கூட்டுறவுச் சங்கங்களிலும் அவற்றையொத்த சிறு அலுவலகங்களிலும் உறுப்பினர் பதிவேட்டையும் படகுப் பதிவேட்டையும் கணினியில் வைத்திருப்போர், அவற்றை ஒரு மையச் சேவையகத்துக்கு அனுப்பத் தாமே சிறு நிரல் எழுத முற்படும்போது எழும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. எடுத்துக்காட்டுகளில் வரும் சங்கமும் சேவையகமும் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. எந்த அரசுத் துறையின் இணையதளத்தையும் அவை குறிப்பன அல்ல. நிரல் மொழி பைத்தான் என்றும், அனுப்பும் வேலைக்கு ரிக்வெஸ்ட்ஸ் என்னும் நிரல் நூலகம் (ஆயத்த நிரல்களின் தொகுப்பு) பயன்படுகிறது என்றும் கொள்ளப்பட்டுள்ளது. வேறு மொழியில் எழுதுவோருக்கும் பெரும்பகுதி அப்படியே பொருந்தும், ஏனெனில் அடிப்படை விதிகள், இணையத்தில் கணினிகள் கேட்டும் பதிலளித்தும் பேசிக்கொள்ளும் எச்டிடிபி நெறிமுறையைச் சேர்ந்தவை.

நிர்வாகத் தரவு என்று எவற்றைச் சொல்கிறீர்கள்?

உறுப்பினரின் பெயர், ஊர், குடும்ப விவரம், வங்கிக் கணக்கு எண். படகின் பதிவு எண், வகை, எஞ்சின் திறன், உரிமம் காலாவதியாகும் நாள். கடலுக்குச் செல்ல வழங்கப்பட்ட அனுமதி டோக்கன் ஆகியவை நிர்வாகத் தரவு. ஏலத்தில் மீன் போன விலை இதில் சேராது. இவை அளவில் மிகச் சிறியவை. ஒரு படகின் முழு விவரமும் ஓரிரு கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். ஆனால் பிழையின் எடை பெரிது. கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் மாறினால் மீன்பிடித் தடைக்கால நிவாரணம் உரியவருக்குப் போய்ச் சேராது. ஆகவே வேகத்தைவிட, போனது போனபடி சேர்ந்ததா என்பதே இங்கு முதற்கேள்வி.

நிரலில் ஒரே வரியாக இருக்கும் அனுப்பும் ஆணை உண்மையில் என்னென்ன செய்கிறது?

முகவரியையும் தரவையும் கொடுத்து ஒரு வரியில் நாம் அழைக்கும் அந்த ஆணை, முதலில் சேவையகத்தின் பெயருக்குரிய எண் முகவரியைத் தேடிப் பிடிக்கிறது. பிறகு இணைப்பை ஏற்படுத்தி, டிஎல்எஸ் முறையில் அதை மறையாக்கம் செய்துகொள்கிறது. அதன்பின் எந்த ஆணை, எந்த முகவரி என்னும் முதல் வரியையும், தலைப்பு வரிகளையும், ஒரு வெற்று வரியையும், கடைசியில் தரவையும் அனுப்புகிறது. அதற்குப் பிறகு காத்திருக்கிறது. மறுமுனையில் இருக்கும் சேவையகம் அனுப்பியவர் யார் என்று சரிபார்த்து, தரவு முறையாக இருக்கிறதா என்று பார்த்து, தரவுத்தளத்தில் எழுதி, மூன்று இலக்க நிலைக்குறியீட்டோடு பதில் தருகிறது.

இந்தச் சங்கிலி மூன்று இடங்களில் அறுபடலாம். தரவு போய்ச் சேருமுன் அறுபடலாம். சேர்ந்தபின், எழுதுவதற்குமுன் அறுபடலாம். எழுதி முடித்து, பதில் திரும்பி வரும் வழியில் அறுபடலாம். முன்பு பதிவுத் தபாலில் அனுப்பிய மனு உரியவர் கைக்குப் போயிருந்தும், கையொப்பமிட்ட ஒப்புகை அட்டை மட்டும் திரும்பி வராத நிலையைப் போன்றது இந்த மூன்றாவது. அனுப்பியவரின் திரையில் மூன்றும் ஒரே மாதிரியான பிழைச்செய்தியாகத்தான் தெரியும். கீழே வரும் கேள்விகளில் பாதி, இந்த மூன்றையும் வேறுபடுத்த முடியாமையிலிருந்து பிறப்பவை.

போஸ்ட், புட், பேட்ச் என்று பல ஆணைகள் இருக்கின்றன. எதைப் பயன்படுத்துவது?

இணைய நெறிமுறைகளை விளக்கும் ஆர்எஃப்சி ஆவண வரிசையில், 2022 ஜூனில் வெளியான ஆர்எஃப்சி 9110 எச்டிடிபி ஆணைகளின் பொருளை வரையறுக்கிறது. பேட்ச் மட்டும் 2010இல் வந்த ஆர்எஃப்சி 5789இல் தனியாக வரையறுக்கப்பட்டது. போஸ்ட் என்பது “இந்தத் தரவை எடுத்துக்கொண்டு உன் முறைப்படி செய்ய வேண்டியதைச் செய்” என்று சேவையகத்திடம் ஒப்படைப்பது. புதிய பதிவு உருவாகுமானால் அதற்கு எண் இடுவதும் பெரும்பாலும் சேவையகமே. புட் என்பது “இந்த முகவரியில் இருப்பது இனி இதுதான்” என்று முழுப் பதிவையும் வைப்பது. பேட்ச் என்பது இருக்கும் பதிவில் சில புலங்களை, அதாவது பெயர், எஞ்சின் திறன் போன்ற தனி விவரங்களை, மட்டும் மாற்றச் சொல்வது.

நடைமுறையில் முக்கியமான வேறுபாடு வேறொன்று. ஒரே புட் ஆணையை ஐந்து முறை அனுப்பினாலும், ஒருமுறை அனுப்பினால் கிடைக்கும் நிலையே சேவையகத்தில் இருக்க வேண்டும் என்பது நெறிமுறையின் விதி. போஸ்ட்டுக்கும் பேட்ச்சுக்கும் அந்த உறுதி இல்லை. ஒரே போஸ்ட்டை இரண்டு முறை அனுப்பினால் ஒரே படகுக்கு இரண்டு டோக்கன் விழுந்துவிடலாம்.

இந்தக் கடற்கரையின் படகுகளுக்கு இது ஒரு நல்வாய்ப்பு. விசைப்படகு ஒவ்வொன்றுக்கும் ஐஎன்டி-டிஎன்-10-எம்எம் என்று தொடங்கும் பதிவு எண் உடலிலேயே எழுதப்பட்டிருக்கிறது. சேவையகம் எண் கொடுக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை; அந்தப் பதிவு எண்ணையே முகவரியின் கடைசிப் பகுதியாக வைத்துப் புட் அனுப்பினால், எத்தனை முறை அனுப்பினாலும் ஒரு படகுக்கு ஒரு பதிவுதான் நிற்கும். இயற்கையான அடையாள எண் இருக்கும் இடத்தில் புட், அது இல்லாத இடத்தில் போஸ்ட் என்று வைத்துக்கொள்வது என் பரிந்துரை. போஸ்ட்டே எல்லாவற்றுக்கும் போதும் என்று வாதிடுவோர் உண்டு. இணைப்பு என்றும் அறுபடாத ஊரில் அந்த வாதம் எடுபடலாம்.

ஓர் எச்சரிக்கை: புட் முழுப் பதிவையும் மாற்றுவதால், எஞ்சின் திறனை மட்டும் திருத்த எண்ணி அந்தப் புலத்தை மட்டும் புட் செய்தால், உரிமையாளர் பெயர் உட்பட மற்றவை வெறுமையாகிவிடக்கூடும்.

கெட் ஆணையில், முகவரியோடு தரவை ஒட்டி அனுப்பினால் எளிதாக இருக்கிறதே?

எளிதுதான், கூடாது. கெட் என்பது படிப்பதற்கான ஆணை. இடையிலுள்ள மென்பொருள்கள் அதைத் தாமாகவே திரும்ப அனுப்பவும், பழைய பதிலைச் சேமித்துத் தரவும் உரிமை பெற்றவை. அத்துடன், முகவரியில் இருப்பவை சேவையகத்தின் பதிவுக் கோப்புகளிலும் உலாவியின் வரலாற்றிலும் எழுத்தாகவே தங்கிவிடும். உறுப்பினரின் கைபேசி எண் அங்கே கிடக்க வேண்டாம்.

பதில் வரவில்லை. மீண்டும் அனுப்பலாமா?

புட் என்றால் தயங்காமல் அனுப்பலாம். போஸ்ட் என்றால், அனுப்புமுன் ஒரு ஏற்பாடு தேவை.

அந்த ஏற்பாடு இதுதான். ஒவ்வொரு செயலுக்கும், அதாவது ஒரு டோக்கன் வழங்குதல், ஓர் உறுப்பினரைச் சேர்த்தல் போன்ற ஒவ்வொன்றுக்கும், யூயூஐடி எனப்படும் 36 எழுத்து நீள அடையாளக் குறியை நிரல் உருவாக்கி, தலைப்பு வரி ஒன்றில் அதைச் சேர்த்து அனுப்ப வேண்டும். சேவையகம் அந்தக் குறியை ஏற்கெனவே கண்டிருந்தால், புதிதாக எதையும் எழுதாமல், முதல்முறை கொடுத்த அதே பதிலைத் திருப்பித் தரும். இணையப் பணப்பரிமாற்ற நிறுவனங்கள் ஒரே தொகையை இருமுறை பிடித்துவிடாமல் இருக்கக் கையாளும் முறை இது. சேவையகத்தின் ஒத்துழைப்பு இல்லாமல் இது நடக்காது என்பதால், அதை எழுதுவோரிடம் முதலிலேயே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும்.

இதில் அடிக்கடி நேரும் தவறு, மறுமுயற்சிக்கான சுற்றுக்குள்ளே குறியை உருவாக்குவது. அப்படிச் செய்தால் ஒவ்வொரு முயற்சிக்கும் புதிய குறி பிறக்கும். சேவையகத்தின் பார்வையில் அவை வெவ்வேறு செயல்கள். பாதுகாப்பு முழுவதும் வீண். பொத்தானை அழுத்திய கணத்தில் குறி ஒருமுறை உருவாக வேண்டும், உடனே வட்டில் எழுதப்பட வேண்டும். மின்சாரம் போய்க் கணினி அணைந்து மறுபடி எழுந்தாலும் அதே குறியோடுதான் அனுப்ப வேண்டும்.

இதற்கு ஒரு சிறிய எஸ்க்யூலைட் கோப்பு, அதாவது ஒரே கோப்பில் அடங்கும் தரவுத்தளம், போதும். அனுப்ப வேண்டிய ஒவ்வொன்றும் முதலில் அந்தக் கோப்பின் அட்டவணையில் ஒரு வரிசையாக விழும். தனியாக ஓடும் இன்னொரு நிரல் அந்த வரிசைகளை ஒவ்வொன்றாக எடுத்து அனுப்பும். வெற்றிக் குறியீடு கையில் வந்த பின்னரே “சேர்ந்தது” என்று குறிக்கும். மேசையில் இருப்பவர் இணையம் வருமா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. டோக்கனுக்காக வரிசையில் நிற்பவரும் நிற்க வேண்டியதில்லை.

ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தின் அடியில் இயங்கும் யூஆர்எல்லிப்3, மறுமுயற்சி வசதியை நாம் இயக்கினாலும், தரவு ஒருவேளை போய்ச் சேர்ந்திருக்கக்கூடிய நிலையில் போஸ்ட்டையும் பேட்ச்சையும் தானாக மறுபடி அனுப்புவதில்லை. அந்த வரம்பைத் தளர்த்த வழி உண்டு. மேற்சொன்ன குறி நடைமுறைக்கு வந்த பிறகு மட்டும் தளர்த்துங்கள்.

எவ்வளவு நேரம் காத்திருந்து, எத்தனை இடைவெளியில் மறுபடி அனுப்புவது?

ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தில் டைம்அவுட் எனப்படும் காத்திருப்பு வரம்பு இயல்பாக இல்லை. நாம் குறிப்பிடாவிட்டால் நிரல் முடிவில்லாமல் காத்திருக்கக்கூடும். நிரல் உறைந்துவிட்டது என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. இணைப்புக்கு ஒன்று, பதிலுக்கு ஒன்று என இரண்டு வரம்புகளைத் தனித்தனியே கொடுக்கலாம். இணைப்புக்கு 3 வினாடிக்குச் சற்று மேலே என்பது அந்த நூலகத்தின் ஆவணமே தரும் அறிவுரை. வலுவற்ற அலைபேசி இணைப்பில் அதை 6 வினாடிக்குச் சற்று மேலே வைக்கலாம். பதிலுக்கு 30 வினாடி போதும். அந்த இரண்டாவது வரம்பு மொத்த நேரத்தைக் குறிப்பதன்று. ஒரு துணுக்குத் தரவுக்கும் அடுத்ததற்கும் இடையே விடக்கூடிய நேரத்தையே குறிக்கிறது.

இடைவெளி 2, 4, 8, 16 வினாடி என்று இரட்டிப்பாகப் பெருகட்டும். ஒவ்வொன்றிலும் சிறிது தற்செயல் மாற்றமும் இருக்கட்டும். மழைக்காலப் புயல் நாளொன்றில் பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் இராமேசுவரத்திலும் ஒரே கணத்தில் மின்சாரம் திரும்பும்போது, எல்லாக் கணினிகளும் ஒரே வினாடியில் சேவையகத்தின் கதவைத் தட்டாமல் இருக்க அந்தத் தற்செயல் தேவை. சேவையகம் 429 (கோரிக்கைகள் மிகுதி) அல்லது 503 (இப்போது இயலாது) குறியீட்டோடு “இத்தனை வினாடி கழித்து வா” என்று தலைப்பு வரியில் சொன்னால், நம் கணக்கை விட்டுவிட்டு அதன் சொல்லைக் கேட்க வேண்டும்.

தமிழ்ப் பெயர்கள் சேவையகத்தில் கேள்விக்குறிகளாகவோ வெட்டுண்டோ வருகின்றன. ஏன்?

மூன்று காரணங்கள் உண்டு. மூன்றையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

முதலாவது, மூலத்தரவே யூனிகோடில் இல்லாமை. பழைய பதிவேடுகள் பல, வானவில் போன்ற பழைய எழுத்துரு முறைகளில் தட்டச்சு செய்யப்பட்டவை. எழுத்துரு நிறுவப்பட்ட கணினியில் அவை தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பதோ இலத்தீன் எழுத்துகளும் குறியீடுகளும்தான். அப்படியே அனுப்பினால் மறுமுனையில் பொருளற்ற எழுத்துக் குவியலே சேரும். அனுப்புமுன் யூனிகோடுக்கு மாற்றி, மாற்றியதை ஒருவர் கண்ணால் படித்துப் பார்ப்பதைத் தவிர வேறு குறுக்குவழி இல்லை.

இரண்டாவது, நீளக் கணக்கு. “மண்டபம்” என்பதில் நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. புள்ளிகளைத் தனியே எண்ணும் யூனிகோடில் ஏழு குறிகள். யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால் 21 பைட். ஆரக்கிள் போன்ற தரவுத்தளத்தில் பெயர்ப் புலத்துக்கு 30 என்று மட்டும் எழுதினால் அது இயல்பாக 30 பைட்டைத்தான் குறிக்கும். பத்துக் குறிகளோடு இடம் தீர்ந்துவிடும். தந்தை பெயரின் முதலெழுத்தோடு கூடிய சாதாரணப் பெயர்கூட அதில் அடங்காது.

மூன்றாவது நுட்பமானது. “தொண்டி” என்பதில் உள்ள “தொ”வை இரண்டு விதமாக எழுதலாம். ஒகரக் குறியை ஒரே குறியாக இடலாம். எகரக் கொம்பையும் துணைக்காலையும் இரண்டு குறிகளாகவும் இடலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். முதல் வகையில் 18 பைட், இரண்டாம் வகையில் 21 பைட். சேவையகம் ஒப்பிடும்போது அவை இரண்டு வெவ்வேறு ஊர்கள். ஆகவே அறிக்கையில் தொண்டி இருமுறை வரும், உறுப்பினர்கள் இரண்டாகப் பிரிந்து நிற்பார்கள். அனுப்புமுன் எல்லா உரையையும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்த்த வடிவத்துக்கு, மாற்றிவிட்டால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும். பைத்தானில் அதற்கான வசதி மொழியோடேயே வருகிறது. இராமேசுவரம், ராமேஸ்வரம் என்னும் எழுத்து வேறுபாட்டை மட்டும் இது தீர்க்காது. அதற்கு ஊர்ப்பெயரோடு ஊர்க்குறியெண்ணையும் சேர்த்து அனுப்புவதே வழி.

தரவைப் புலப்பெயரும் மதிப்புமாக எழுதி அனுப்பும் ஜேசன் என்னும் உரை வடிவில் தமிழுக்குப் பதிலாகப் பின்சாய்கோடும் எண்களுமாகத் தெரிகிறது என்று சிலர் அஞ்சுகிறார்கள். ரிக்வெஸ்ட்ஸ் இயல்பாக அப்படித்தான் அனுப்பும். ஒரு குறிக்கு 3 பைட்டுக்குப் பதில் 6 பைட் ஆகும் என்பதைத் தவிர அதில் பிழையில்லை. மறுமுனையில் சரியான தமிழாகவே விரியும்.

வங்கிக் கணக்கு எண்ணின் முன்னிருந்த சுழியங்கள் காணாமல் போகின்றன.

அதை எண்ணாக அனுப்பியதால். கணக்கு எண், கைபேசி எண், அஞ்சல் குறியீடு, குடும்ப அட்டை எண் எதையும் நாம் கூட்டப்போவதில்லை, கழிக்கப்போவதில்லை, அவை உரைகள். ஜேசனில் மேற்கோள் குறிக்குள் இட்டு அனுப்புங்கள். இடையில் எக்செல் கோப்பு இருந்தால் இன்னும் கவனம் தேவை: அது 15 இலக்கங்களுக்குமேல் துல்லியமாக வைத்திருப்பதில்லை, 16ஆவது இலக்கத்தைச் சுழியமாக்கிவிடும். சேதம் நிரலுக்கு வருமுன்னரே நடந்துவிடும் என்பதால், எக்செல்லில் அந்த நெடுவரிசையை உரை வகையாக வைத்த பின்னரே தட்டச்சு செய்ய வேண்டும்.

நாளையும் நேரத்தையும் எந்த வடிவில் அனுப்புவது?

2026-06-15 என்பதுபோல ஆண்டு, மாதம், நாள் வரிசையில் அனுப்ப வேண்டும். நேரம் சேர்ந்தால், கடைசியில் +05:30 என்னும் நேர மண்டலக் குறிப்பும் சேர வேண்டும். 2002இல் வந்த ஆர்எஃப்சி 3339 இந்த வடிவத்தை விளக்குகிறது.

குறிப்பை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் கரையிலேயே ஒரு நேர்த்தியான எடுத்துக்காட்டு இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். தடை முடிந்த முதல் நாளான ஜூன் 15 அன்று விடிகாலை 4.30க்கு ஒரு படகுக்கு டோக்கன் பதிவாகிறது என்று கொள்வோம். சேவையகம் அதை உலகப் பொது நேரத்துக்கு மாற்றிச் சேமிக்கிறது. அது ஜூன் 14 இரவு 11.00 மணி. இவ்வளவும் சரியே. பிறகு நாளை மட்டும் அந்த நேரத்திலிருந்து வெட்டியெடுத்துத் தடைக்கால விதியோடு ஒப்பிட்டால், விதிப்படி சென்ற படகு தடையை மீறிய படகாகிவிடும். விடிகாலை 5.30க்கு முன் நடக்கும் எந்தச் செயலும் முந்தைய நாளின் கணக்கில் விழும் என்பதால், இருட்டிலேயே வேலை தொடங்கும் இந்தத் தொழிலில் இது அரிதான பிழையன்று. சேமிப்பது பொது நேரத்தில் இருக்கலாம்; நாளைத் தீர்மானிப்பது இந்திய நேரத்தில் இருக்க வேண்டும்.

தனுஷ்கோடிப் பக்கம் கைபேசிகள் இலங்கைக் கோபுரத்தின் அலையைப் பிடிப்பதால் நேரம் மாறிவிடுமா என்றும் கேட்கிறார்கள். இலங்கையும் 2006 முதல் +05:30 நேரத்தையே பின்பற்றுவதால், அந்த வழியில் குழப்பம் வராது.

200 என்ற வெற்றிக் குறியீடு வந்தது. ஆனால் சேவையகத்தில் பதிவு இல்லை.

பெரும்பாலும் திசைதிருப்பல்தான் காரணம். முகவரியை எச்டிடிபிஎஸ் என்று எழுதாமல் எச்டிடிபி என்று எழுதிவிட்டால், சேவையகம் 301 குறியீட்டோடு பாதுகாப்பான முகவரிக்குப் போகச் சொல்லும். 301, 302 ஆகியவற்றைப் பெறும் பல நூலகங்கள், ரிக்வெஸ்ட்ஸ் உட்பட, இரண்டாம் முறை போஸ்ட்டுக்குப் பதிலாகக் கெட் அனுப்புகின்றன. தரவு வழியிலேயே உதிர்ந்துவிடும்; கெட்டுக்கு உரிய பட்டியலோ முகப்புப் பக்கமோ 200 என்று திரும்பி வரும். நிரல் மகிழ்ச்சியோடு “சேர்ந்தது” என்று குறித்துக்கொள்ளும். இதைவிட மோசம், முதல் முயற்சியில் உறுப்பினர் விவரம் மறையாக்கம் இல்லாமல் வெளியே போயிருக்கும் என்பது. முகவரியைத் திருத்துங்கள், அனுப்பும் ஆணையில் தானியங்கித் திசைதிருப்பலை அணைத்துவிடுங்கள். 307, 308 குறியீடுகள் மட்டுமே ஆணையை மாற்றாமல் திருப்பிவிடுபவை.

விடுதி, பேருந்து நிலையம் போன்ற இடங்களின் பொது வைஃபையில், உள்நுழைவுப் பக்கமே 200 குறியீட்டோடு வந்து விழுவதும் உண்டு. எனவே குறியீட்டை மட்டும் நம்பாமல், புதிய பதிவுக்கு 201 வந்ததா, பதிலுக்குள் நாம் அனுப்பிய பதிவு எண் திரும்ப வந்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

மற்ற குறியீடுகளில் எவற்றைக் கண்டால் மறுபடி அனுப்பக் கூடாது?

400, 422 இரண்டும் தரவில் பிழை என்பதைச் சொல்பவை. ஆயிரம் முறை அனுப்பினாலும் அதே பதில்தான். அந்த வரிசையை ஒதுக்கி வைத்து, மனிதர் ஒருவர் பார்க்கட்டும். 401 என்றால் அடையாளச் சாவி காலாவதி அல்லது தவறு. 403 என்றால் நீங்கள் யார் என்று தெரிகிறது, ஆனால் அனுமதி இல்லை. 502, 504 இரண்டும் நடுவிலுள்ள வாயிற்சேவையகம் சொல்பவை. பின்னால் எழுதப்பட்டதா இல்லையா என்று அவற்றிலிருந்து தெரியாது, ஆகவே அவற்றைப் பதில் வராத நிலைக்குச் சமமாகவே நடத்த வேண்டும். 202 வெற்றியைப் போலத் தோன்றும். “வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் செய்யவில்லை” என்பதே அதன் பொருள்.

ஒரே படகின் விவரத்தை இரண்டு அலுவலகங்கள் ஒரே நேரத்தில் திருத்தினால்?

கடைசியாக வந்தது நிலைக்கும், முன்னது சத்தமில்லாமல் அழியும். இதைத் தடுக்க, சேவையகம் பதிவைத் தரும்போது ஈடேக் என்னும் பதிப்புக் குறியையும் தர வேண்டும். திருத்தி அனுப்புகிறவர் இஃப்-மேட்ச் தலைப்பு வரியில் அதே குறியைத் திருப்பி அனுப்ப வேண்டும். இடையில் வேறொருவர் மாற்றியிருந்தால் 412 வரும். அப்போது புதிய பதிவை வாங்கி, வேறுபாட்டைத் திரையில் காட்டி, முடிவைப் பயனரிடம் விடுங்கள். தானாகவே புதிய குறியை வாங்கி உடனே மறுபடி அனுப்பும் நிரலையும் பார்க்க முடிகிறது. அது பூட்டை உடைக்கும் வேலை.

படகின் படத்தைச் சேர்த்ததும் 413 வருகிறது.

அனுப்பும் தரவின் அளவு மிகுந்துவிட்டது. என்ஜின்எக்ஸ் வாயிற்சேவையகத்தின் இயல்பு வரம்பு 1 எம்பி. கைபேசிப் படமோ சாதாரணமாகவே அதைத் தாண்டும். படத்தைப் பேஸ்64 உரையாக்கி ஜேசனுக்குள் திணித்தால் அது மூன்றில் ஒரு பங்கு இன்னும் பெருகும். படத்தின் அகலத்தைக் குறைத்து, விவரத்தை முதலில் தனியாகவும் படத்தைப் பின்னர், கோப்பை அப்படியே இணைத்து அனுப்பும் மல்டிபார்ட் முறையில், தனியாகவும் அனுப்புங்கள். பதிவு எண் படிக்கும்படி தெரிந்தால் போதும்.

தடைக்காலத்தில் படகு ஆய்வு நடக்கும்போது ஒரே நாளில் நூற்றுக்கணக்கான பதிவுகள் சேருகின்றன. எல்லாவற்றையும் ஒரே ஆணையில் அனுப்பலாமா?

அனுப்பலாம், ஆனால் நடுவில் ஒன்று பிழையென்றால் மற்றவை என்னாகும் என்பதைச் சேவையகத்தாரிடம் முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாம் சேரும் அல்லது எதுவும் சேராது என்பது ஒரு முறை. பிழையானதைத் தவிர மற்றவை சேரும் என்பது இன்னொரு முறை. இரண்டாவது முறையில் ஒவ்வொரு பதிவுக்கும் தனித்தனி முடிவு பதிலில் வர வேண்டும்; நிரலும் அவற்றைத் தனித்தனியே குறித்துக்கொள்ள வேண்டும். ஐம்பது ஐம்பதாகப் பிரித்து அனுப்புவது பொதுவாகப் போதும். ஒரு கட்டு வழியில் தொலைந்தாலும் மறுபடி அனுப்ப வேண்டியது அந்த ஐம்பதுதான்.

படகின் இருப்பிடத்தை அனுப்பினால் வரைபடத்தில் வடதுருவப் பக்கம் காட்டுகிறது.

இருப்பிடங்களை எழுதப் பயன்படும் ஜியோஜேசன் வடிவத்தில் முதலில் தீர்க்கரேகை, பிறகு அட்சரேகை. இராமேசுவரம் ஏறத்தாழ கிழக்கே 79.3, வடக்கே 9.3 பாகை. வரிசை மாறினால் படகு ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே பனிக்கடலில் நிற்கும். அனுப்புமுன் அட்சரேகை 8க்கும் 11க்கும் இடையில் இருக்கிறதா என்று ஒரு வரியில் சோதித்துக்கொள்ளலாம்.

சேவையகத்தின் அடையாளச் சாவியை நிரலுக்குள்ளேயே எழுதி வைக்கலாமா? சேவையகம் உண்மையானதுதான் என்று காட்டும் சான்றிதழில் பிழை வந்தால், அந்தச் சான்றிதழ்ச் சோதனையை அணைத்துவிடலாமா?

இரண்டுக்கும் பதில் கூடாது என்பதே. நிரல் கோப்பு பென்டிரைவிலும் மின்னஞ்சலிலும் பல கைகளுக்குப் போகும். சாவியும் கூடவே போகும். அதை இயங்குதளத்தின் சூழல் மாறியாகவோ, மற்றவர் படிக்க முடியாத தனிக் கோப்பிலோ வையுங்கள். அலுவலகத்துக்கு ஒரு சாவி என்று கேட்டு வாங்குங்கள், ஒன்று கசிந்தால் அதை மட்டும் முடக்கலாம். சான்றிதழ்ப் பிழைக்கு, கணினியின் தேதி தவறாக இருப்பது ஓர் எளிய காரணம். தாய்ப்பலகையின் பேட்டரி தீர்ந்த பழைய கணினிகள் ஒவ்வொரு காலையும் பல ஆண்டுகள் பின்னால் போய் நிற்கும். தேதியைச் சரிசெய்தால் பிழை போய்விடும். சோதனையை அணைத்தால் பிழைச்செய்தி மட்டும்தான் போகும்.

எழுதிய நிரலைச் சோதித்துப் பார்க்க உண்மையான உறுப்பினர் விவரங்களைப் பயன்படுத்தலாமா?

வேண்டாம். 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் விவரத்தை எந்த நோக்கத்துக்காகப் பெற்றோமோ அந்த நோக்கத்தோடு பிணைக்கிறது. நிரல் சோதனை அந்த நோக்கத்தில் அடங்காது. கற்பனைப் பெயர்களும், எந்தப் படகுக்கும் இல்லாத பதிவு எண்களும் கொண்ட ஒரு சோதனைக் கோப்பை உருவாக்கிக்கொள்ளுங்கள். அதில் “தொண்டி” இரண்டு வடிவங்களிலும் இருக்கட்டும். சுழியத்தில் தொடங்கும் கணக்கு எண் ஒன்றும், ஜூன் 15 விடிகாலை 4.30 மணி டோக்கன் ஒன்றும், நாற்பது எழுத்துக்கு மேற்பட்ட பெயர் ஒன்றும் இருக்கட்டும். சோதனைச் சேவையகத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கும்போதே இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டு, சற்றுநேரம் கழித்து மீண்டும் செருகுங்கள். பிறகு சேவையகத்தில் உள்ள பதிவுகளை எண்ணுங்கள். அனுப்பிய எண்ணிக்கையைவிட ஒன்று கூடினாலும் குறைந்தாலும் நிரலை இன்னும் சங்கத்துக்குக் கொண்டுபோகக் கூடாது.